கத்தரிக்கோலின் முதல் சிஷ்யை

"இத்தனை பேர் இருக்க, ஏன் என்னைப் போய்க் கேட்டாங்க? அதை மட்டும் சொல்லு!"

"நான் என்ன ஜோசியமா பார்க்கிறேன்? சட்டைப் பட்டனை மாத்திப் போட்டிருக்கீங்க, முதல்ல அதைக் கவனிங்க" என்றாள் மனைவி.

பொறியாளர் பட்டனைச் சரிசெய்தபடியே கூடத்துக்கும் சமையலறைக்குமாக நடந்தார். குட்டி போட்ட பூனை தோற்றது போங்கள்! கட்டடப் பொறியாளர் உரிமத்துக்குப் படிக்கிறவர்களுக்கு வழிகாட்டியாக இருக்கத் தயார் என்று அவர் சங்கத்தில் பெயர் கொடுத்து வருஷக்கணக்காகிறது. ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை. நேற்று முளைத்தவர்களுக்கெல்லாம் ஆள் சேர்ந்துவிட்டது. அந்த வருத்தம் அவரை உள்ளுக்குள் அரித்துக்கொண்டிருந்தபோதுதான் ஒரு பெண்மணி வழிகாட்டியாக அவர் பெயரைக் கேட்டிருந்தாள். ஆனந்தத்தில் அந்த நிமிஷமே சம்மதம் என்று பதில் அனுப்பிவிட்டார்.

"அதுவும் யாரு? போன வருஷம் வாய்மொழித் தேர்வுல நானே ஃபெயிலாக்கின அம்மா!"

"பழி வாங்க வர்றாங்களோ என்னவோ" மனைவி சிரித்தாள். "உங்களுக்குக் கத்தரிக்கோல்னு பேரு வச்சிருக்காங்க, தெரியுமில்ல? தேர்வுக்கு வர்றவங்களை எல்லாம் வெட்டி விட்டா வேற என்ன பேரு வைப்பாங்க?"

"அரைகுறைக்கு உரிமம் கொடுத்து, கட்டடம் இடிஞ்சு விழுந்தா யாரு பதில் சொல்றது?" என்று சீறினார். ஆனாலும் கிளம்பும்போது பட்டனை இன்னொரு தரம் சரிபார்த்துக்கொண்டார்.

ஆபீசில் அந்தப் பெண்மணி அவருக்கு முன்பே வந்து காத்திருந்தாள். நாற்பதைத் தாண்டியவள். தலைக்கவசம் மடியில். கட்டட வேலையில் பாதி வாழ்க்கையைக் கழித்தும், உரிமம் இல்லாததால் தான் போட்ட வரைபடத்தில் இன்னொருத்தர் கையெழுத்துக்கு நிற்கிறவள்.

"போன தடவை நான் கொஞ்சம் கடுமையா..." என்று இழுத்தார்.

"கொஞ்சமா? வீடு போய்ச் சேர்ற வரைக்கும் அழுதேன் சார்."

அவருக்கு என்னவோ போலாகிவிட்டது. நாற்காலியை இழுத்தார், தள்ளினார், மின்விசிறியைக் கூட்டினார், குறைத்தார். ஒருவழியாகப் பாடத்தைத் தொடங்கினார். அவள் தப்பாகச் சொன்னபோது வழக்கம்போல் வாயைத் திறந்தவர், அப்படியே மூடிக்கொண்டு, தூண் எங்கே எப்படிச் சுமை தாங்குகிறது என்று படம் போட்டுக் காட்டினார். அவளுக்குப் புரிந்ததும் இவருக்குச் சிரிப்பே வந்துவிட்டது. அட, சொல்லிக்கொடுப்பதில் இவ்வளவு சந்தோஷமா!

அதற்குமேல் அவரால் அடக்க முடியவில்லை.

"மனசுல வச்சுக்கிட்டு உட்கார முடியலைம்மா, கேட்டுடறேன். இத்தனை பேர்ல என்னை ஏன் தேர்ந்தெடுத்தீங்க? கண்டிப்புக்குப் பின்னால ஒரு அக்கறை இருக்குன்னு புரிஞ்சுதா?"

அவள் தலைக்கவசத்தின் வாரை முறுக்கினாள்.

"தப்பா எடுத்துக்கக் கூடாது சார். யாராவது ஒருத்தருக்கு வழிகாட்டி ஆயிட்டாலே, அந்த வருஷம் வாய்மொழித் தேர்வுல கேள்வி கேட்க உட்கார முடியாதுன்னு சங்கத்துல விதி இருக்கில்ல? அதான், இந்தத் தடவை தேர்வுக்குப் போற நாங்க எல்லாரும் சேர்ந்து சீட்டுக் குலுக்கிப் போட்டோம். மாட்டினது நான்."