பூஜ்யத்தில் வந்த மூச்சு

கழுத்துக்குக் கீழே அசைவற்று, குரலும் போய்விட்ட ஞானதிரவியம் வாயருகே இருந்த குழாயில் மறுபடி ஊதினார். திரையில் எழுத்து விழவில்லை. அவர் மூச்சை எழுத்தாக்கித் தந்த பழைய கணினி எரிந்துபோய், வேறு சிப் வைத்த புதியது வந்து ஒரு வாரம். அன்றிலிருந்து வீட்டில் அவர் பேச்சே இல்லை.

அந்தக் குழாயைக் கணினியோடு பேசவைக்கும் டிரைவர் நிரலை எழுதும் யாழரசி கட்டிலருகே தரையில் உட்கார்ந்து நிரலைக் குடைந்துகொண்டிருந்தாள். ஊதும்போதெல்லாம் குழாய், சிப் தனக்கென்று ஒதுக்கிய இன்டரப்ட் என்ற அழைப்பு எண்ணில்தான் கணினியைக் கூப்பிடும். பழைய சிப்பில் பூஜ்யம் எந்தக் கருவிக்கும் கிடையாது. அதனால் பூஜ்யம் வந்தால் கருவியே இல்லை என்று டிரைவர் ஒதுங்கிவிடும். புதிய சிப்போ குழாய்க்குப் பூஜ்யத்தையே கொடுத்திருந்தது.

"அடப்பாவி! மனுஷன் வாரம் பூரா கூப்பிட்டுட்டே இருந்திருக்கார்!" அந்த ஒரு வரியை மாற்றினாள். "இப்ப ஊதுங்க சார்."

ஊதினார். எழுத்து விழுந்தது. ஒவ்வொன்றாக வரியே நிறைந்தது.

"கூறுகெட்டவளே, ஃபேன நிறுத்து. ஒரு வாரமா வெறைச்சுக் கெடக்கேன்."

அவர் முகம் சுளிக்கும்போதெல்லாம் புழுக்கமென்று நினைத்து ஃபேனைக் கூட்டிக்கொண்டே போன மனைவி ரோஸ்லின் அதை வாசித்தாள்.

"ஏசுதாவ! என்னையத் திட்டுதாவ!" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினாள்.

ஃபேனை நிறுத்த எழுந்த யாழரசியின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"இரும்மா. இன்னும் ரெண்டு வார்த்த ஏசட்டும்."