வாசலில் ஒரு கோடு

"வாசல் தொறந்துதானே கெடக்கு? சுவர் இருக்குன்னு நின்னுடுதே, ஏன்?" என்றார் ஸ்ரீஹர்ஷா.

ஹாலின் கோடியில், திறந்த வாசலுக்கு ஒரு முழம் முன்னால் நின்றுகொண்டிருந்தது அந்த நாலுகால் ரோபோ. பூனை அளவுதான் இருக்கும். நடந்துகொண்டே, கேமராக் கண்ணால் பார்த்ததையெல்லாம் வரைபடமாக்கும். இளவேனிலின் திரையில் சுவர்கள் இரட்டை இரட்டையாகக் கலங்கித் தெரிந்தன. வாசலுக்குக் குறுக்கே ஒரு கறுப்புக் கோடு.

"ஒவ்வொரு அடிக்கும் தலை கீழ போய் மேல வருது சார். கூடவே கண்ணும் ஆடுது. அதான் மேப் கலங்குது."

"அதெல்லாம் இல்ல. வெளிய போக பயம், உன்ன மாதிரி."

செய்யாறிலிருந்து வந்த நாளாக அவள் ஆபீஸ் இருக்கும் காக்ஸ் டவுனைத் தனியாகத் தாண்டியதில்லை. ஆபீசில் எல்லோருக்கும் தெரியும்.

"சாயங்காலம் கேரல் மேடம் வர்றாங்க. அவங்க சரின்னாதான் ப்ராஜெக்ட். ப்ராஜெக்ட் இருந்தாதான் உன் வேலை. ஆட்டத்த நிறுத்தும்மா."

அவள் தன் ரப்பர் செருப்பை வெட்டி அதன் பாதங்களில் ஒட்டினாள். உடம்பு எப்படிச் சாய்ந்தாலும் கண் மட்டும் நேரே பார்க்கும்படி ஒரு சின்ன மோட்டாரை வைத்தாள். அம்மாவின் போனைக்கூட எடுக்கவில்லை. உள்ளறையில் விட்டுப் பார்த்தபோது சுவர்கள் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல வந்தன. அப்போதுதான் அவளுக்கு மூச்சு வந்தது.

கேரல் மூச்சு வாங்க உள்ளே வந்து நாற்காலியில் சாய்ந்தார்.

"அப்பாவுக்குக் கண்ணு சுத்தமா மங்கிடுச்சும்மா. இது முன்னால நடக்கணும், அவரு கயித்தப் புடிச்சிட்டுப் பின்னாடியே வரணும். அவ்வளவுதான்."

இளவேனில் ரோபோவை ஹாலில் இறக்கிவிட்டாள். குலுங்காமல் நடந்தது.

"தலையில தண்ணிக்குடம் வச்ச மாதிரில்ல நடக்குது," என்றார் கேரல்.

திரையில் ஒரு கலங்கலும் இல்லை. வாசலில் அந்தக் கோடும் இல்லை.

"உன் வேலை பர்மனென்ட், போ," என்று ஸ்ரீஹர்ஷா அவள் காதோரம் சொன்னார்.

ரோபோ தயங்காமல் வாசலைத் தாண்டியது.

கடகடவென்று ஒரு சத்தம். கீழே, இன்னும் கீழே போய் அடங்கியது.

மூவரும் வாசலுக்கு ஓடி எட்டிப் பார்த்தார்கள். மாடிப்படியின் அடியில் அது காலைத் தூக்கிக்கொண்டு கிடந்தது.

"எப்பவும் இப்படித்தான் விழுமா?" கேரல் கேட்டார்.

"இல்ல மேடம்." இளவேனில் படியைக் காட்டினாள். "காலைல படிக்கு முன்னாடியே நின்னுச்சு. தலை ஆடுனப்பல்லாம் கீழ தரை இருக்கான்னு பாத்திருக்கு. நான்தான் பாக்க விடாம பண்ணிட்டேன்."

கேரல் படியின் விளிம்பைக் காலால் தொட்டுப் பார்த்தார்.

"அப்போ எங்கப்பாவுக்கு அந்தத் தலையாட்டுறதையே குடும்மா."