98.4 டிகிரியில் வலிப்பு

மூன்றாவது வலிப்பின்போதும் தெர்மாமீட்டர் 98.4 என்றே காட்டியது.

பிலாலுக்கு அதுதான் பிடிபடவில்லை. துறைமுகத்தில் இறால் ஏற்றும் குளிர் கன்டெய்னர்களைப் பார்த்துக்கொள்கிறவன் அவன். சூடு ஏறாமலே அலாரம் அடித்தால் முதலில் சென்சாரைத்தான் சந்தேகப்படுவான்.

தெர்மாமீட்டரைத் தன் அக்குளில் வைத்துப் பார்த்தான். புதிதாக இன்னொன்றும் வாங்கினான். இரண்டும் சரியாகத்தான் இருந்தன.

ஒன்றரை வயது மகள் நவ்ரீனுக்கு உடம்பு சுடவேயில்லை. ஆனால் காலையிலிருந்து மூன்று முறை கண் மேலே செருகி, கை கால் வெட்டி இழுத்தது. ஒவ்வொன்றும் ஒரு நிமிடம்தான். தூங்கி எழுந்ததும் பிஸ்கட் கேட்டாள்.

முதல் முறை பக்கத்து வீட்டு பூவம்மா ஓடிவந்து குழந்தையின் கையில் சாவிக்கொத்தைத் திணித்தாள். தெருமுனை கிளினிக்கில், காய்ச்சல் இருந்திருக்கும், நீங்கள்தான் கவனிக்கவில்லை என்றார்கள். பிலால் உடம்புச் சூட்டை மணிவாரியாகக் குறித்த தாளை நீட்டினான். அப்படியானால் வலிப்பு நோய், வருடக்கணக்கில் மாத்திரை போட வேண்டியிருக்கும் என்றார்கள்.

பெண் குழந்தை. அந்தப் பெயர் ஒருமுறை ஒட்டினால் கல்யாணம் வரைக்கும் கூடவே வரும்.

கல்மண்டபம் ஏரியாவிலிருந்து ஆட்டோ பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்தால், டாக்டர் சௌமியாவும் காய்ச்சல் இருந்ததா என்றுதான் ஆரம்பித்தார். பிலால் பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து சொன்னான். ரத்தத்தில் சர்க்கரை சரி, உப்பு சரி என்று ரிசல்ட் வந்திருந்தது. எல்லாமே சரி என்பதுதான் அவனுக்கு ஆத்திரமாக இருந்தது.

பாதிப் பேச்சில் அவன் மனைவி உமைமா குழந்தையைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். துணி மாற்ற வேண்டுமாம்.

“இன்னா உமைமா, டாக்டரு பேசிகினு கீறாங்க, நீ சும்மா சும்மா எயிந்து போயிகினு கீறே?”

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். இது எத்தனையாவது துணி என்று உமைமாவைக் கேட்டார்.

“நேத்துலருந்து அஞ்சு தபா இருக்கும். தண்ணியா போவுது. பல்லு மொளைக்குதுல்ல, அதான்.”

பல் முளைத்தால் வயிறு இளகும் என்பது அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. அதனால் அதை யாரும் சீக்காக நினைக்கவில்லை. பிலாலின் தாளிலும் அது இல்லை.

பல்லால் இல்லை, வயிற்றுக்குள் போன கிருமியால் என்றார் சௌமியா. சில சின்னக் குழந்தைகளுக்கு, லேசான வயிற்றுப்போக்கில், காய்ச்சலே இல்லாமல் அடுத்தடுத்து இப்படி இழுக்கும். பெரும்பாலும் ஓரிரு நாளில் தானாக நின்றுவிடும். இது வலிப்பு நோய் இல்லை.

இன்று ஒருநாள் வார்டில் இருக்கட்டும் என்றார். வருடக்கணக்கில் மாத்திரை வேண்டாம். ஓ.ஆர்.எஸ். தண்ணீரை ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுத்தால் போதும்.