மூத்தவள் இறந்த பதிவு

“காமயகவுண்டன்பட்டிப் புத்தகம் மூணையும் பொரட்டிப் பாத்துட்டேன். அதுல உன் மக சாகவே இல்லம்மா.”

பதிவேட்டு அறைக் குமாஸ்தா ஞானதுரை மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, மேல்துண்டின் நுனியால் துடைத்தவாறே இவ்வாறு கூறினார். பெரியகுளம் தாலுகா கச்சேரியில் பத்தொன்பது ஆண்டுகளாக அவர் சுவாசித்து வந்தது காற்றன்று, பழங்காகிதத்தின் தூசியே. கிராம முன்சீபுகள் மாதந்தோறும் அனுப்பிவைக்கும் பிறப்பு இறப்புப் பதிவேடுகள் அவரைச் சுற்றிலும் கூரை முட்ட அடுக்கப்பட்டிருந்தன. பிற்பகல் இரண்டு மணிக்கே அவருடைய முதுகெலும்பு வீட்டுக்குப் போகத் துடித்தது.

சன்னல் கம்பிகளுக்கு அப்பால் நின்ற மூக்கம்மாள் ஒரு காலின் பாரத்தை மறு காலுக்கு மாற்றிக்கொண்டாள். நேற்றுக் காலை முதல் பஸ்ஸில் வந்திறங்கியவள், இரவு சத்திரத்தில் ஒதுங்கிக் கிடந்துவிட்டு, இன்று கச்சேரி திறக்குமுன்பே வந்து நின்றிருந்தாள். வருகிற வெள்ளிக்கிழமை தன் இளைய மகளுக்குக் கல்யாணம் என்றும், அதற்குள் மூத்தவள் இறந்ததற்கான காகிதம் கைக்கு வராவிட்டால் அந்தப் பிள்ளையின் வாழ்வே பாழாகிவிடும் என்றும் அவள் நேற்றே சொல்லியிருந்தாள்.

ஞானதுரைக்கு விஷயம் விளங்க நெடுநேரம் பிடிக்கவில்லை. மூத்தவள் இருக்க இளையவளுக்குத் தாலி கட்டும் வழக்கம் எங்கும் இல்லை. மூத்தவள் உண்மையிலேயே இறந்தாளா, அன்றி ஏதேனும் குறையோடு எங்கேனும் மறைத்து வைக்கப்பட்டிருக்கிறாளா என்று மாப்பிள்ளை வீட்டார் ஐயுற்றிருப்பார்கள். பெற்றவளின் வாய்ச்சொல்லை நம்பாமல் சர்க்கார் முத்திரையை நம்பும் மனிதர்களை நினைத்து அவர் உள்ளுக்குள் சலித்துக்கொண்டார்.

வாசலில் முக்காலி போட்டு அமர்ந்திருந்த சேவகன் மொக்கைச்சாமி கொட்டாவியை மறைக்க முயலாமலே தலையிட்டான்.

“உசுரோட இருக்கிறவுக மனுவே இங்கன ஆறு மாசமாத் தூங்குது. செத்தவுகளுக்கு என்ன ஆத்தா அவசரம்?”

“செத்தவளுக்கு அவசரம் இல்லப்பா. இருக்கிறவளுக்குத்தான்” என்றாள் மூக்கம்மாள்.

கல்யாணம் என்ற சொல் காதில் விழுந்தால் வயதைக் கேட்பது, குழந்தை மணத்தைத் தடுக்கும் சாரதா சட்டம் வந்த நாளிலிருந்து ஞானதுரைக்குப் பழக்கமாகிவிட்டது. சின்னவளுக்குப் பதினான்கு வயது நிறைந்துவிட்டதா என்று அவர் விசாரித்தார். நிறைந்துவிட்டதாகக் காட்டும் பிறப்புக் காகிதத்தைத் தன் வீட்டுக்காரர் சுருளியாண்டி முன்னமே வாங்கி வைத்திருப்பதாக அவள் தரையைப் பார்த்துக்கொண்டு கூறினாள். அப்படியானால் இந்த அலைச்சலுக்கு அவர் ஏன் வரவில்லை என்ற கேள்விக்கு, அவர் பந்தல் வேலையில் இருக்கிறார் என்றாள்.

பெரியாற்று வெள்ளம் வந்ததற்கு மறு வருடம் மூத்தவள் போய்ச் சேர்ந்தாள் என்பதைத் தவிர வேறு விவரம் அவளிடம் இல்லை. ஞானதுரை அதற்கு முந்தைய வருடத்தையும் பிந்தைய வருடத்தையுங்கூடத் தேடி ஓய்ந்திருந்தார். புத்தகத்தை மூடும் தறுவாயில் ஏதோ தோன்ற, அவர் கேட்டார்.

“பிள்ள எங்கன செத்துச்சு? ஒங்க ஊர்லதானா?”

“மயிலாடும்பாறைங்கய்யா. எங்க அப்பன் வீட்டுல.”

பேனா அவர் கையிலிருந்து மேசைமீது உருண்டது. “இத நேத்தே சொல்லக் கூடாதா? இறப்பு எங்க நடந்துச்சோ அந்த ஊருப் புத்தகத்துலதான் ஏறும். ரெண்டு நாளு வீணாப் போச்சேம்மா.”

“நீங்க என் ஊரக் கேட்டீக. கட்டிக் குடுத்த பெறகு எனக்கு ஏதுய்யா அந்த ஊரு?”

ஞானதுரை ஏணியில் ஏறினார். மயிலாடும்பாறைப் புத்தகம் மேல் தட்டில் எல்லாவற்றிற்கும் அடியில் இருந்தது. அதை உருவி எடுத்து, ஒட்டிக்கொண்டிருந்த தாள்களைச் சவரக் கத்தியின் முனையால் பிரித்து, ஒவ்வொரு வரியாக விரலை ஓட்டினார். அரை மணி நேரத்திற்குப் பின் விரல் நின்றது.

“1925 செப்டம்பர் நாலு. சுருளியாண்டி மகள் பஞ்சம்மாள். வயது ஒன்று. காய்ச்சல்.”

எந்த வரி என்று காட்டும்படி மூக்கம்மாள் கேட்டாள். அவர் புத்தகத்தைக் கம்பியருகே திருப்பிப் பிடித்தார். படிக்கத் தெரியாத அப்பெண் கையை உள்ளே நீட்டி, அந்த வரியின்மேல் சற்று நேரம் விரலை வைத்திருந்தாள்.

தாசில்தார் நான்கு மணிக்கு முகாம் புறப்படுகிறார் என்பது ஞானதுரைக்குத் தெரியும். முறைப்படி நடந்தால் நகல் கிடைக்கப் பத்து நாள் ஆகும். அன்றைக்கு என்ன நேர்ந்ததோ, அவர் தாமே அமர்ந்து நகலெடுத்து, ஒப்பிட்டுப் பார்த்து, கோபித்துக்கொண்ட தலைமைக் குமாஸ்தாவிடம் கெஞ்சி, வண்டியில் ஏறக் காலெடுத்து வைத்த தாசில்தாரிடம் கையொப்பமும் வாங்கி வந்தார். இத்தனை வேகமாக அவர் நடந்து பல ஆண்டுகள் ஆகியிருந்தன.

“இந்தாம்மா. சம்பந்திமாரு மொகத்துக்கு முன்னால விரிச்சுக் காட்டு. வெள்ளிக்கிழமை கல்யாணம் நல்லபடியா நடக்கும். ஒருத்தன் வாயத் தொறக்க மாட்டான்” என்று மூச்சிரைக்கக் கூறினார்.

மூக்கம்மாள் இரு கைகளாலும் காகிதத்தை வாங்கி, நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

“வக்கீலய்யா கோர்ட்டு வாசல்ல காத்துக்கிட்டு நிக்கிறாக. கோர்ட்டுக்கு எந்தப் பக்கமாய்யா போகணும்?”

“கோர்ட்டுக்கா? எதுக்கு?”

“கல்யாணத்த நிறுத்தங்கய்யா. எங்க வீட்டுக்காரக வாங்கி வச்சிருக்கிறது இந்தச் செத்த பிள்ள பொறந்த காகிதம், அதுல பேரு போடல. மணையில ஒக்காரவைக்கப் போறவளுக்கு வர்ற மாசியிலதான் பத்து முடியும்.”