சுவரைப் பார்த்த படம்

படம் மறுபடியும் சுவர்ப்பக்கம் திரும்பியிருந்தது.

சாரங்காவுக்கு முதுகு சில்லிட்டது. இது மூன்றாவது நாள். மாலை கசங்கவில்லை. மின்விளக்கு அப்படியே எரிகிறது. முகம் மட்டும் இல்லை.

ஜெர்மனியின் டோர்ட்மண்டில் அவள் நடத்தும் கைவினைக் கடையில், ஆஸ்திரேலியப் பூர்வகுடிப் பெண்கள் கூட்டுச் சேர்ந்து பின்னி அனுப்பும் ஓலைக்கூடைகளுக்குத்தான் மவுசு. அந்தப் பெண்களில் மூத்தவர் இரண்டு வாரத்துக்கு முன்பு இறந்துபோனார். நாம் சும்மா இருப்போமா? பெரிய படம், மாலை, விளக்கு, கொட்டை எழுத்தில் பெயர் போட்டு ‘கண்ணீர் அஞ்சலி’.

“அவ பின்னின கூடையளில இருந்த பெயர்ச்சீட்டுகளையும் காணேல்லை அக்கா,” என்றாள் கடையில் விற்பனை பார்க்கும் மிதுஷா. “அந்த மனுசி கடைக்குள்ளதான் நிக்கிறா.”

“விசர்க்கதை கதையாதை!” அதட்டிய சாரங்காவே ஓடிப்போய்க் கடை விளக்குகளையெல்லாம் போட்டாள்.

இறந்தவரின் தங்கை நாளை வருகிறார். அஞ்சலியைக் காட்டி அசத்தலாம் என்று, விஷயத்தைச் சொல்லாமலே அழைத்திருந்தாள் சாரங்கா.

மறுநாள் விடிவதற்குள் கடைக்கு வந்துவிட்டாள். உள்ளே இருட்டு. கண்ணாடிக்கு அப்பால், அஞ்சலி விளக்கின் சிவப்பு வெளிச்சத்தில், ஒரு கை மெல்ல நீண்டு படத்தின் முகத்தை மூடியது.

அலறப் போனவளுக்கு மற்றக் கையிலிருந்த துடைப்பம் தெரிந்தது.

கடை கூட்டும் கமலநாயகி அக்கா! சாரங்கா கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

“நீங்களோ? முதல் நாளே ‘இந்தப் படம் வேண்டாம் பிள்ளை’ எண்டு முணுமுணுத்தனீங்கள். ஏனெண்டு எனக்கு இப்பதான் விளங்குது.”

“இல்லைப் பிள்ளை, அவையின்ர...”

“அவையெண்டா ஆர், வேற சனமோ? கறுப்பெண்ட உடன மாலையும் விளக்கும் கூடாதோ? இஞ்ச வந்து முப்பது வருசமாகியும் உந்தப் புத்தி போகேல்லையே! திறப்பை வைச்சிட்டுப் போங்கோ. இனி வேலைக்கு வரவேண்டாம்.”

கமலநாயகி கடைச் சாவியை மேசையில் வைத்தார். படத்தின் பக்கம் பார்க்காமலே வெளியே போனார். சாரங்கா படத்தை நேராக்கிப் புது மாலை போட்டாள்.

பதினொரு மணிக்குத் தங்கை வந்தார். வாசலில் காலை வைத்தவர், படத்தைக் கண்டதும் இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டு தெருவுக்கு ஓடினார். சாரங்காவும் பின்னாலேயே ஓடினாள்.

“துக்கம் முடியும்வரை இறந்தவரின் முகத்தை நாங்கள் பார்க்கமாட்டோம். பெயரையும் சொல்லமாட்டோம்.” அவருக்கு மூச்சு வாங்கியது. “போன வருடம் நான் இங்கே கூடை பின்னக் கற்றுக்கொடுக்க வந்தபோது, என் பக்கத்தில் உட்கார்ந்து இதையெல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டாரே, கடை கூட்டும் அம்மா? அவர்கூடவா உங்களிடம் சொல்லவில்லை?”

 சாரங்கா கைபேசியில் கமலநாயகியை அழைத்தாள்.

“அக்கா, நான்...” அதற்கு மேல் அழுகைதான் வந்தது.

“அது கிடக்கட்டும் பிள்ளை,” என்றார் கமலநாயகி. “அவவின்ர தங்கச்சி வர முதல் படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைச்சிட்டீர்தானே?”