பின்சீட்டில் ஆள் உண்டு

வளைவு வந்ததும் அவன் இடுப்பு சீட்டின் நடுவிலிருந்து உள்பக்கம் நகர்ந்தது. முழங்கால் விரிந்தது. தோள் இறங்கியது.

எதையும் யோசித்துச் செய்யவில்லை. உடம்பு தானாகச் செய்தது.

பின்னால் மேகலா இருந்தாள்.

அவன் இடுப்பைச் சுற்றியிருந்த அவள் கைகள் நழுவின. கண் இமைக்கும் நேரம், மலைச்சாலையின் நடுவில், அவள் எதையுமே பிடிக்காமல் உட்கார்ந்திருந்தாள். பிறகு அவன் சட்டையின் முதுகைக் கொத்தாகப் பற்றினாள்.

வண்டி விழவில்லை.

"நிறுத்துங்க."

நிறுத்தினான். அவள் இறங்கினாள். ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பள்ளத்தைப் பார்த்து நின்றாள். தடுப்புச் சுவரில் உட்கார்ந்திருந்த குரங்கு இருவரையும் மாறி மாறிப் பார்த்தது. கொல்லிமலையில் பாதிகூட ஏறியிருக்கவில்லை.

போச்சு, என்று நினைத்தான்.

கிளம்பும்போதே மேகலா சொல்லியிருந்தாள். "இந்த ஒருக்கா வாரனுங்க. பயமா இருந்துச்சுன்னா, அப்புறம் என்னையக் கூப்புடவே கூடாது."

அவள் சொன்னால் சொன்னதுதான். கல்யாணமான புதிதில் உப்புமா பிடிக்கவில்லை என்றவள், இன்றுவரை அதைத் தொட்டதில்லை.

போன மழைக்காலத்தில் பவானிப் பக்கம் ஒரு திருப்பத்தில் மணல் வழுக்கி இருவரும் விழுந்தார்கள். வண்டிக்குக் கீறல். அவனுக்குச் சிராய்ப்பு. அவளுக்குத் தோள் எலும்பு முறிந்தது.

அந்தக் குற்ற உணர்ச்சிதான் அவனைக் கோயம்புத்தூர் பக்கத்து ரேஸ் டிராக்குக்குத் துரத்தியது. வளைவில் ஒழுங்காகச் சாயக் கற்றுக்கொண்டால் இனி யாரையும் கீழே போடமாட்டோம் என்று நம்பினான்.

அதற்கென்று இன்னொரு வண்டி வாங்க வழியில்லை. இதே வண்டிதான். டிராக்குக்குப் போனதும் கண்ணாடிகளைக் கழற்றுவான். முன்விளக்கின் மேல் டேப் ஒட்டுவான். பின்னால் உட்காருகிறவர் கால் வைக்கும் கட்டைகளையும் கழற்றிப் பைக்குள் போட்டுவிடுவான். சாயங்காலம் எல்லாவற்றையும் பழையபடி மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வருவான். சனிக்கிழமை பந்தயக் குதிரை. ஞாயிற்றுக்கிழமை குடும்பஸ்தன்.

வண்டி சாய்வதற்கு முன்னால் உடம்பு உள்ளே போயிருக்க வேண்டும் என்பார் அங்கே பயிற்சி கொடுப்பவர். நூறு தடவை செய்து செய்து அது அவன் எலும்பில் ஏறிவிட்டது. அங்கே பின்சீட்டில் யாரும் இருப்பதில்லை.

நேற்று மாலை ஒரு திருகாணி விடாமல் எல்லாம் மாட்டினான். உடம்பை மாற்றிக்கொள்ள வேண்டும் என்று மட்டும் தோன்றவில்லை.

அவன் பயம் டிராக்கில் போய்விட்டது. அவளுடைய பயம் வீட்டிலேயே இருந்தது. அதை யாரும் எந்த வகுப்புக்கும் கூட்டிப்போகவில்லை.

ஒரு பேருந்து ஹாரன் அடித்துக்கொண்டே ஏறிப்போனது. அவன் வண்டிக்குப் பக்கத்தில் நின்றான். திரும்பிப் போய்விடலாம் என்று அவள் சொல்வதற்குள் தானே சொல்லிவிட்டால் கொஞ்சம் மானம் மிஞ்சும். வெட்கமாக இருந்தது. இனி எல்லாச் சாலைகளிலும் தனியாகத்தான் போகவேண்டும் என்பது அதைவிடக் கஷ்டமாக இருந்தது.

அவள் திரும்பினாள். முகத்தில் பயம் இல்லை. கோபம் இருந்தது.

"சொல்லிப்போட்டுச் சாஞ்சா, நானும் கூடச் சாஞ்சிருக்க மாட்டனா?"



அவள் வளைவைப் பற்றி மட்டும் கேட்கவில்லை என்று அவனுக்குத் தெரியும். இந்த வண்டியை வாங்கியதும், டிராக்கில் பேர் கொடுத்ததும், எல்லாம் முடிந்த பிறகுதான் அவள் காதுக்குப் போயின.

ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டாள். ஏறினாள்.

கைகள் அவன் இடுப்புக்கு வரவில்லை. சீட்டுக்குப் பின்னால் இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

அவன் மெதுவாக நகர்ந்தான். அடுத்த வளைவு நெருங்கியதும் கத்தினான்.

"இடது!"

பின்னால் கனம் லேசாக அசைந்தது. அரை மனதாகத்தான்.

"வலது!"

இந்த முறை கொஞ்சம் கூடுதலாக அசைந்தது.

ஒவ்வொரு வளைவுக்கும் கத்தினான், ஸ்டாப்பிங் பேர் சொல்லும் டவுன் பஸ் கண்டக்டரைப் போல. பலாப்பழம் ஏற்றிக்கொண்டு எதிரே இறங்கிய வேன்காரர் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார். பார்த்தால் பார்க்கட்டும். டிராக்கில் அவனைப் பின்னுக்குத் தள்ள ஆளே கிடையாது. இங்கே இரண்டு ஸ்கூட்டர்கள் அவனைத் தாண்டிப் போயின. அதிலொன்றில் ஆட்டுக்குட்டி இருந்தது.

அவன் இடுப்பு சீட்டின் நடுவை விட்டு நகரவில்லை.

எந்த வளைவில் என்று தெரியவில்லை. ஒரு கை கம்பியை விட்டு அவன் இடுப்புக்கு வந்திருந்தது. ஒரு கை மட்டும்.

மேலே போகப் போகக் குளிர் கூடியது. மிளகுக்கொடி ஏறிய மரங்களுக்கு நடுவே சாலை மறுபடி மடங்கியது. அவன் வாயைத் திறந்தான். கத்திக் கத்தித் தொண்டை கட்டியிருந்தது. காற்றுதான் வந்தது.

வளைவு வந்துவிட்டது.

காதுக்குப் பக்கத்தில் அவள் குரல் கேட்டது.

"வலதுங்க."

அவன் சாய்ந்தான்.