அற்புதத்தின் கையளவு

பக்கவாதம் வந்த பிறகு செல்வராயனின் விரலுக்கு ரிவால்வரின் விசையை இழுக்கும் வலு இல்லை. ரைபிள் கிளப்பில் வருஷக்கணக்காகச் சுட்டவர். துப்பாக்கி ரிப்பேர் பார்க்கும் காதர், "ஸ்பிரிங்கை மாத்தினா விசை லேசாயிருமுங்க" என்றார்.

"ஸ்பிரிங் இருக்கட்டும். பிடியை மாத்துங்க" என்ற செல்வராயன், கூட வந்திருந்த மனைவி அற்புதத்தின் கையை எடுத்து மேசைமேல் வைத்தார். "இந்தக் கைக்கு அளவெடுங்க."

"எனக்கெதுக்குங்க? வெடிச் சத்தத்துக்கே காதைப் பொத்திக்கிறவ நான்."

அவர் கையை விடவில்லை.

அடுத்த மாதம் கிளப்பில் அவள் முதல் தோட்டாவைச் சுட்டாள். குறியட்டையின் ஓரத்தில் ஓட்டை விழுந்தது. செல்வராயன் அந்த ஓட்டையையே வெகுநேரம் பார்த்தார்.

"போதுமா, அற்புதம்?"

அவள் ரிவால்வரைத் தாழ்த்தவில்லை. "கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றாள்.